பாம் ஷெல்டரை நம்பாதீர்கள்: அடுக்குமாடி வீட்டில் பீரை முதிர வைக்கும் முறை

சிங்கப்பூரில் நல்ல பீர் போத்தல் நான்கைந்து சேர்ந்துவிட்டால், அடுத்து எல்லாரும் கண் வைப்பது வீட்டிலுள்ள பாம் ஷெல்டர்மீதுதான். 1990களின் இறுதியிலிருந்து கட்டப்பட்ட வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீடுகளில் இருக்கும் இந்தக் காப்பறைக்குச் சன்னல் கிடையாது. சுவர் தடிமனானது, கதவு இரும்பு, உள்ளே கும்மிருட்டு. ஐரோப்பிய மடாலயங்களின் நிலவறை நம் வீட்டுக்குள்ளேயே வந்துவிட்டதாகத் தோன்றும். அரிசி மூட்டைக்கும் பொங்கல் பானைக்கும் நடுவே ஒரு தட்டை ஒழித்துப் போத்தல்களை அடுக்கிவிட்டு, ஒரு வருடம் கழித்துத் திறந்து பார்க்கலாம் என்று கதவைச் சாத்திவிடுவார்கள். ஒரு வருடம் கழித்துக் கிடைப்பது பெரும்பாலும் ஈரமான அட்டைப்பெட்டியின் சுவைதான்.

நிலவறை குளிர்ந்திருப்பதற்குக் காரணம் அதன் இருட்டோ சுவரின் தடிமனோ இல்லை. மண்ணுக்குள் சில மீட்டர் இறங்கினால் வெப்பநிலை அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டி நின்றுவிடும். பெல்ஜியத்தில் அது 10, 11 டிகிரி செல்சியஸ். சிங்கப்பூரின் ஆண்டுச் சராசரி 27.8 டிகிரி. தரைவீட்டுக்காரர் ஒருவர் தோட்டத்தில் பள்ளம் வெட்டி நிலவறையே கட்டினாலும் அவருக்குக் கிடைக்கப்போவது அதே 28 டிகிரிதான். இதைப் புரிந்துகொண்டால், வீட்டில் எந்த மூலை குளிர்ச்சியானது என்று தேடும் வேலை மிச்சம். அப்படி ஒரு மூலை இந்தத் தீவில் இல்லை. குளிர்ச்சியை மின்சாரம் கொடுத்துத்தான் வாங்க வேண்டும்.

வெப்பம் என்ன செய்கிறது

பீர் நன்றாக முதிர்வதற்கு 10 முதல் 13 டிகிரி வரை உகந்தது என்பார்கள். பொதுவாக வேதிவினைகள் ஒவ்வொரு 10 டிகிரி உயர்வுக்கும் இரண்டு மூன்று மடங்கு வேகமெடுக்கும். 12 டிகிரியில் இருக்க வேண்டிய போத்தலை 29 டிகிரியில் வைத்தால், அது மூன்று முதல் ஆறு மடங்கு வேகத்தில் மூப்படைகிறது என்று ஒரு கணக்குப் போடலாம்.

“அப்படியானால் நல்லதுதானே, ஒரு வருட வேலை மூன்று மாதத்தில் முடிந்துவிடுமே” என்று கேட்பவர்கள் உண்டு. கேள்வி நியாயமானது. ஆனால் போத்தலுக்குள் நடக்கும் வினைகள் பல; எல்லாம் ஒரே அளவில் வேகமெடுப்பதில்லை. நாம் விரும்பும் உலர்திராட்சை, அத்தி, ஷெர்ரி (ஸ்பானிய ஒயின் வகை) மணங்கள் திரள்வதற்குள், நாம் விரும்பாத காகித நெடி முந்திக்கொள்கிறது. அடியில் படிந்திருக்கும் ஈஸ்ட் சூட்டில் சீக்கிரம் சிதைந்து, சோயா சாஸ் போன்ற ஒரு மாமிச வாடையைக் கலக்கிறது. ஆகவே சூட்டில் மூன்று மாதம் கிடந்த பீரும் குளிரில் ஒரு வருடம் இருந்த பீரும் ஒன்றல்ல.

முதல் வேலை: அளந்து பாருங்கள்

எதையும் வாங்குவதற்கு முன் ஒரு மலிவான மின்னிலக்க வெப்பமானி வாங்குங்கள். கம்பி நுனியில் உணரி இருக்கும் வகையாக இருந்தால் நல்லது. காலி பீர் போத்தல் ஒன்றில் தண்ணீர் நிரப்பி, உணரியை அதற்குள் இறக்கி, வாயைத் துணியால் அடைத்து, நீங்கள் நினைத்திருக்கும் இடத்தில் இரண்டு மூன்று நாள் விடுங்கள். காற்றை அளந்து பயனில்லை. கதவைத் திறந்தால் ஏறும், ஏர்கானைப் போட்டால் இறங்கும். போத்தலுக்குள் இருக்கும் திரவம்தான் நமக்கு முக்கியம். அது மெதுவாகத்தான் மாறும்.

அளந்து பார்த்தால் சில நம்பிக்கைகள் உடையும். பாம் ஷெல்டர் பெரும்பாலும் 28க்கும் 30க்கும் இடையே நிற்கும். ஏற்ற இறக்கம் குறைவு என்பது மட்டுமே அதன் பெருமை. இரவெல்லாம் ஏர்கான் ஓடும் படுக்கையறையில் கட்டிலுக்கு அடியில் 26, 27 கிடைக்கலாம். பெரிய ஆதாயம் இல்லை. அடுப்புக்கு மேலே உள்ள அலமாரியையும் குளிர்பெட்டியின் தலைப்பகுதியையும் நினைத்துக்கூடப் பார்க்காதீர்கள். மேற்கு வெயில் அடிக்கும் சுவரை ஒட்டிய அலமாரி எல்லாவற்றிலும் மோசம். மாலை ஐந்து மணிக்கு அந்தச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பாருங்கள், புரியும்.

எந்தப் பீரை வைக்கலாம்

இங்கேதான் பாதிப் பேர் பணத்தை வீணாக்குகிறார்கள். எல்லா மாங்காயும் ஊறுகாய்க்கு ஆகாது, அதுபோலத்தான் பீரும். உலகில் காய்ச்சப்படும் பீரில் மிகப் பெரும்பகுதி உடனே குடிப்பதற்காகச் செய்யப்படுவது. 1932இல் இங்கே முதன்முதலாகக் காய்ச்சப்பட்ட டைகர் போன்ற வெளிர் லாகர்களை வைத்திருப்பதில் ஒரு பயனும் இல்லை. ஐபிஏ (இந்தியா பேல் ஏல்) என்ற வகை இன்னும் அவசரக்காரன். அதன் உயிரே, பீருக்குக் கசப்பு தரும் ஹாப்ஸ் என்ற பூவின் மணம். வாரக்கணக்கில் அது ஆவியாகப் போய்க்கொண்டிருக்கிறது. ஐபிஏ வாங்கினால் குளிர்பெட்டியில் வையுங்கள், சீக்கிரம் குடித்துவிடுங்கள். கோதுமை பீருக்கும் இதே விதிதான்.

வைத்திருக்கத் தகுந்தவற்றை அடையாளம் காண மூன்று கேள்விகள் போதும். மதுவின் அளவு 8 விழுக்காட்டுக்கு மேல் உள்ளதா? நிறம் கருமையா, மால்ட் (முளைகட்டி உலர்த்திய தானியம்) சுவை கனமா? போத்தலுக்குள் உயிருள்ள ஈஸ்ட் விடப்பட்டிருக்கிறதா? மூன்றில் இரண்டுக்காவது ஆம் என்றால் யோசிக்கலாம். மது பாதுகாக்கிறது. கருகிய மால்ட்டில் உள்ள சேர்மங்கள் ஆக்சிஜனை ஓரளவு தாங்கிக்கொள்கின்றன. அதனால் வெளிர் பீரில் காகிதமாகத் தெரியும் அதே மூப்பு, கருப்பு பீரில் ஷெர்ரியாகவும் உலர்பழமாகவும் மாறுகிறது. ஈஸ்ட், உள்ளே எஞ்சிய ஆக்சிஜனைத் தின்றுவிடுகிறது.

சிங்கப்பூரில் சிரமமில்லாமல் கிடைப்பவற்றில் தொடங்க வேண்டுமானால் பெல்ஜிய மடாலய வகைதான் என் பரிந்துரை. நீல முத்திரை ஷிமே 9 விழுக்காடு. போத்தலிலேயே ஆண்டு அச்சிடப்பட்டிருக்கும். ரோஷ்ஃபோர் 10 என்பது 11.3 விழுக்காடு. செயின்ட் பெர்னார்டஸ் ஆப்ட் 12 சரியாக 10 விழுக்காடு. மூன்றுமே தவறுகளை மன்னிக்கும் பீர்கள். இங்கிலாந்து வகையில் பார்லி ஒயின் (பெயரில்தான் ஒயின், இது கனமான பீர்), இம்பீரியல் ஸ்டவுட் என்ற கருப்பு பீர் இரண்டும் நீண்ட ஆயுள் உள்ளவை. லண்டனின் ஃபுல்லர்ஸ் 1997 முதல் ஆண்டுதோறும் வின்டேஜ் ஏல் என்று ஒன்றை வெளியிடுகிறது. 1968இல் முதன்முதலாகக் காய்ச்சப்பட்ட தாமஸ் ஹார்டிஸ் ஏல் 25 ஆண்டு தாங்கும் என்ற பேச்சோடுதான் விற்பனைக்கு வந்தது. இந்த ஆயுள் கணக்கெல்லாம் அங்கத்திய நிலவறைக்கு உரியது. அதை இங்கே அப்படியே எடுத்துக்கொள்ளக் கூடாது.

விதிவிலக்குகள் இரண்டு. ஓர்வால் வெறும் 6.2 விழுக்காடுதான், நிறமும் கருப்பில்லை. ஆனால் அதில் பிரெட்டனோமைசெஸ் என்ற காட்டு ஈஸ்ட் சேர்க்கப்படுகிறது. புதிதாக இருக்கும்போது ஹாப்ஸ் தூக்கலாக இருக்கும் அந்தப் பீர், மாதங்கள் செல்லச் செல்ல வறண்டு, தோல் பொருள்களின் வாசனையும் மண்வாசனையும் ஏறி, வேறொரு பீராகவே ஆகிவிடும். ஆறு மாதத்திலேயே வித்தியாசம் நாக்குக்குத் தெரிவதால், பொறுமையில்லாதவர்களுக்கு ஏற்றது. இன்னொன்று கூஸ் எனப்படும் புளிப்பு லாம்பிக் வகை, அதாவது காட்டு ஈஸ்ட்டால் தானாகவே நொதிக்கும் பெல்ஜிய பீர். புளிப்பும் காட்டு நுண்ணுயிர்களும் சேர்ந்து அதைப் பத்து, இருபது ஆண்டுகூடக் காக்கும்.

நம் காப்பிக்கடைகளில் கிடைக்கும் ஏபிசி ஸ்டவுட்டைப் பற்றிப் பலர் கேட்பார்கள். 8 விழுக்காடு, கன்னங்கரேல் என்ற நிறம்; பார்த்தால் தகுதி இருப்பதுபோல் தெரியும். ஆனால் வடிகட்டி, சூடாக்கி அடைக்கப்படுவது. உள்ளே உயிருள்ள ஈஸ்ட் இல்லை. அதனால் பிரமாதமாக எதுவும் நிகழாது. ஆனாலும் நான் அதை வாங்கச் சொல்வேன், சோதனைக்காக. ஒரே நாளில் இரண்டு போத்தல் வாங்கி, ஒன்றைப் பாம் ஷெல்டரிலும் ஒன்றைக் குளிர்பெட்டியிலும் வையுங்கள். மூன்று மாதம் கழித்து இரண்டையும் குளிரவைத்து, எது எதென்று தெரியாதபடி வீட்டில் யாரையாவது ஊற்றித் தரச் சொல்லுங்கள். இந்தக் கட்டுரையில் உள்ள எல்லா வாதங்களையும்விட அந்த இரண்டு கிளாஸ்கள் தெளிவாகப் பேசும்.

வாங்கும்போது

போத்தல் உங்கள் கைக்கு வருமுன் எங்கே நின்றது என்பதைப் பாருங்கள். சன்னலோரத் தட்டில் வெயில் வாங்கிய போத்தலை எவ்வளவு தள்ளுபடியில் கொடுத்தாலும் தொடாதீர்கள். ஒளி பட்டால் ஹாப்ஸின் கசப்புப் பொருள் உடைந்து, ஸ்கங்க் என்ற விலங்கின் நாற்றத்துக்கு ஒப்பான கந்தகச் சேர்மம் பிறக்கிறது. பழுப்புக் கண்ணாடி பெரும்பாலும் தடுத்துவிடும். பச்சையும் நிறமற்றதும் தடுக்காது. குளிர்பெட்டியில் வைத்து விற்கும் கடைக்குச் சற்றுக் கூடுதலாகக் கொடுப்பது தகும். காலாவதித் தேதியைப் பார்ப்பதைவிட, அடைத்த தேதி இருந்தால் அதைத் தேடிப் படியுங்கள்.

விலை ஏன் இப்படி என்று புலம்புபவர்களுக்கு: இங்கே பீருக்கு உற்பத்தித் தீர்வை அதிலுள்ள மதுவின் அளவை வைத்தே கணக்கிடப்படுகிறது, லிட்டர் மதுவுக்கு 60 வெள்ளி (சிங்கப்பூர் டாலர்). 330 மில்லிலிட்டர் போத்தலில் 10 விழுக்காடு மது என்றால் தீர்வை மட்டும் ஏறக்குறைய 2 வெள்ளி. முதிர வைக்கத் தகுந்த பீர் பெரும்பாலும் கனமானவை என்பதால் அடி நமக்குத்தான். ஜொகூரில் வாங்கி வரலாம் என்று கணக்குப் போடாதீர்கள். மலேசியாவிலிருந்து திரும்புவோருக்கு மதுபானத்தில் வரிவிலக்கு கிடையாது.

ஒரே பீரில் மூன்று வாங்குங்கள். ஒன்றை அந்த வாரமே குடித்து, சுவையை எழுதிவையுங்கள். புதிதில் எப்படி இருந்தது என்று தெரியாமல் பழையதைக் குடித்து “அருமையாக முதிர்ந்திருக்கிறது” என்று சொல்வதில் பொருளில்லை. இரண்டாவதை ஆறு மாதத்தில் திறவுங்கள். அது மேலேறிக்கொண்டிருந்தால் மூன்றாவதற்கு இன்னும் ஒரு வருடம் கொடுக்கலாம்; சரியத் தொடங்கியிருந்தால் மூன்றாவதையும் அதே மாதத்தில் முடித்துவிடுங்கள்.

எங்கே வைப்பது

ஒயின் குளிர்பெட்டி இருந்தால் அதுவே ராஜபாட்டை. 12 அல்லது 13 டிகிரியில் வைத்துவிட்டு மறந்துவிடலாம். ஆனால் வாங்கும்போது அது கம்ப்ரெஸர் வகையா, மின்வெப்ப வகையா என்று கேளுங்கள். மின்வெப்ப வகை சத்தம் போடாது, விலையும் குறைவு. அதனால் ஆசை காட்டும். அது வெளி வெப்பத்தைவிட ஒரு குறிப்பிட்ட அளவு மட்டுமே கீழே இறக்க முடியும். ஐரோப்பிய வரவேற்பறையில் 12 டிகிரி காட்டும் பெட்டி, 31 டிகிரி உள்ள நம் வீட்டில் 16, 17இலேயே மூச்சு வாங்கிக்கொண்டு இரவும் பகலும் ஓடும். கம்ப்ரெஸர் வகையை வாங்குங்கள்.

அதைவிட மலிவான வழி, வீடு மாறுபவர்கள் விற்றுவிட்டுப் போகும் சிறிய சாதாரணக் குளிர்பெட்டி. பழைய பொருள்களை விற்கும் கெரோசல் இணையத்தளத்தில் தேடினால் எப்போதும் ஒன்றிரண்டு கிடக்கும். அதோடு வெளியிலிருந்து வெப்பத்தைக் கட்டுப்படுத்தும் கருவி ஒன்றை வாங்குங்கள். வீட்டிலேயே பீர் காய்ச்சுபவர்கள் பயன்படுத்துவது. குளிர்பெட்டியின் இணைப்பை அதில் செருகி, உணரியை முன்பு சொன்ன தண்ணீர்ப் போத்தலுக்குள் விட்டு, 12 டிகிரியில் நிறுத்தினால், 13ஐத் தாண்டும்போது ஓடும், 12க்கு வந்தால் நிற்கும். பார்க்க அழகாக இருக்காது. பரவாயில்லை. மின்சாதனக் கருவிக்குச் சிங்கப்பூர்ப் பாதுகாப்பு முத்திரை இருக்கிறதா என்று மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். உள்ளே நீர் கோத்துக்கொண்டால் மாதத்துக்கு ஒருமுறை துணியால் துடைத்தால் போதும்.

அந்தக் குளிர்பெட்டியைப் பாம் ஷெல்டருக்குள் கொண்டுபோய் வைக்கத் தோன்றும். வேண்டாம். குளிர்பெட்டி உள்ளிருந்து எடுக்கும் சூட்டைப் பின்னால்தான் கொட்டுகிறது. காற்றோட்டமில்லாத அறையில் அந்தச் சூடு தேங்கி, பெட்டி தானே உண்டாக்கிய வெப்பத்தோடு தானே மல்லுக்கட்டும். பின்புறம் ஒரு சாண் இடைவெளி விட்டு, காற்று நடமாடும் இடத்தில் வையுங்கள்.

இரண்டாவது குளிர்பெட்டிக்கு இடமும் இல்லை, வீட்டில் அனுமதியும் இல்லை என்றால்? சமையலறைக் குளிர்பெட்டியின் அடித்தட்டு, பின்மூலை. அங்கே 3, 4 டிகிரிதான் இருக்கும். முதிர்ச்சி ஆமை வேகத்தில் நடக்கும், பீர் சற்றுக் கலங்கலாம். ஆனால் கெடாது. 29 டிகிரியில் வேகமாகக் கெடுவதா, 4 டிகிரியில் மெதுவாக மாறுவதா என்றால் நான் இரண்டாவதைத்தான் தேர்ந்தெடுப்பேன். ஆறு போத்தல் வைக்கும் இடத்துக்காகக் குடும்பத்தில் தோசை மாவோடு போட்டி போட வேண்டியிருக்கும். அதை நீங்கள்தான் பேசித் தீர்த்துக்கொள்ள வேண்டும்.

பாம் ஷெல்டரை அறவே ஒதுக்க வேண்டியதில்லை. கனமான கருப்பு பீரை இரண்டு மூன்று மாதம் வரை, குளிர்பெட்டியில் இடம் காலியாகும்வரை, அங்கே நிறுத்திவைக்கலாம். அதே தட்டில் அந்துருண்டை இருந்தால் அதை வேறிடத்துக்கு மாற்றுங்கள். மூடியின் உட்புற மெத்தை காற்றை முழுமையாகத் தடுப்பதில்லை. நெடியும் நாளடைவில் நுழையக்கூடும்.

எப்படி வைப்பது

நிமிர்த்தியே வையுங்கள். ஒயினைப் போலப் படுக்கவைக்கும் பழக்கம் பீருக்கு வேண்டாம். நின்றால் ஈஸ்ட் அடியில் அமைதியாகப் படியும்; மேலே உள்ள காற்றைத் தொடும் பரப்பும் குறையும். தக்கை அடைத்த கூஸ் போத்தல்களைப் படுக்கவைக்கும் வழக்கம் பெல்ஜியத்தில் உண்டு. அதைத் தவிர மற்றதெல்லாம் நிற்கட்டும்.

இங்கே ஈரப்பதம் சராசரியாக 80 விழுக்காட்டுக்கு மேல். முகப்புச் சீட்டு பூஞ்சை பிடிக்கும், மூடியின் விளிம்பு துருவேறும். ஒவ்வொரு போத்தலையும் செய்தித்தாளில் சுற்றுங்கள். தமிழ் முரசின் ஒரு முழுத் தாள் 330 மில்லிலிட்டர் போத்தலுக்கு இரண்டு சுற்று வரும். ஒளியையும் தடுக்கும், சீட்டையும் காக்கும். சுற்றிய பிறகு எது எதென்று தெரியாதல்லவா, அதனால் அழியாத மையில் மூடிமீது பெயரின் முதலெழுத்தையும் வாங்கிய மாதத்தையும் எழுதிவிடுங்கள். மேலிருந்து பார்த்தாலே தெரியும். கடையிலிருந்து வந்த அட்டைப்பெட்டியை அப்படியே உள்ளே வைக்காதீர்கள். அதன் மடிப்புகளில் கரப்பான் குடும்பம் நடத்தும்.

போத்தலுக்குள் ஈஸ்ட் உள்ள பீர், சூட்டில் மீண்டும் நொதித்து அழுத்தம் ஏறுவதும் உண்டு. நண்பர் வீட்டில் காய்ச்சித் தந்த போத்தலானால் இன்னும் கவனம். அந்த வகையை மூடியுள்ள கனமான பிளாஸ்டிக் பெட்டிக்குள் வையுங்கள். வெடித்தாலும் கண்ணாடி சிதறாது, பக்கத்துப் போத்தலும் பிழைக்கும்.

திறக்கும் நாளில்

முந்தைய நாளே போத்தலை அசைக்காமல் எடுத்து நிமிர்த்தி நிறுத்துங்கள். கனமான பீரை ஐஸ் குளிரில் குடித்தால் காத்திருந்ததெல்லாம் வீண். 12 டிகிரி பெட்டியிலிருந்து எடுத்தது என்றால் நேராக ஊற்றலாம், சமையலறைக் குளிர்பெட்டியிலிருந்து என்றால் நம் ஊர்ச் சூட்டில் கால் மணி நேரம் வெளியே வைத்தால் போதும். வாய் அகன்ற கிளாஸில், போத்தலைச் சாய்த்து, இடையில் நிமிர்த்தாமல் ஒரே மூச்சில் ஊற்றுங்கள். நிமிர்த்தினால் அடிமண்டி கலங்கிவிடும். வெளிச்சத்துக்கு எதிரே போத்தலின் கழுத்தைப் பார்த்துக்கொண்டே ஊற்றினால், தெளிந்த பீருக்குப் பின்னால் மேகம்போல ஈஸ்ட் நகர்ந்து வருவது தெரியும். அது கழுத்தை எட்டும்போது நிறுத்துங்கள். கடைசி ஒரு விரல் அளவு போத்தலிலேயே தங்கட்டும்.

முதலில் முகருங்கள். உலர்திராட்சை, பேரீச்சை, கருப்பட்டி, ஷெர்ரி எல்லாம் நல்ல சகுனங்கள். நனைந்த காகிதம், சோயா சாஸ், ஸ்டவுட்டில் எதிர்பாராத புளிப்பு ஆகியவை வந்தால் காலம் கடந்துவிட்டது. நுரை குறைவாக வருவது பழைய கனமான பீருக்கு இயல்புதான். அதை மட்டும் வைத்துத் தீர்ப்புச் சொல்லாதீர்கள். திறந்தவுடன் பொங்கி வழிந்தால், அதே நாளில் வாங்கிய மற்றப் போத்தல்களை உடனே குளிர்பெட்டியின் அடித்தட்டுக்கு மாற்றி, அந்த வாரத்துக்குள் ஒவ்வொன்றாகத் திறந்துவிடுங்கள்.

குடிக்க மனம் வராத ஸ்டவுட்டை ஆட்டுக்கறியோடு சேர்த்து மெல்லிய தீயில் வேகவிட்டால் குழம்புக்கு நல்ல கனம் வரும். காகித நெடி ஏறியதற்கு அந்த வழியும் கிடையாது, தொட்டியில் கவிழ்த்துவிட வேண்டியதுதான்.